வள்ளி கல்யாணப் புத்தகத்துக்கு 20 ரூபாய் தபால்... காதல் நாவலுக்கு எவ்வளவு?

புத்தகத்தின் விலை 100 ரூபாய். டெலிவரி 70 ரூபாய். மொத்தம் 170.

திருத்தணியில் இருக்கும் ஒரு வாசகி தன் மொபைலில் இந்தத் தொகையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடித்த எழுத்தாளரின் காதல் நாவல். 200 பக்கம். வேலைக்குப் போய் வரும் ரயிலில் இரண்டே நாளில் முடிந்துவிடும். கார்ட்டில் போட்டு, 631209 என்று பின்கோடு தட்டி, கடைசி பட்டனுக்கு வந்த பிறகுதான் அந்த 70 ரூபாய் எட்டிப் பார்க்கிறது. "ஒரு கதைக்கு 170 ரூபாயா?" என்று ஆப்பை மூடிவிடுகிறார்.

இந்த எண்கள் உதாரணத்துக்குத்தான். ஆனால், பெருநகரத்துக்கு வெளியே இருந்துகொண்டு ஒரே ஒரு சின்னப் புத்தகத்தை ஆன்லைனில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதுசு இல்லை.

மலிவு விலையில் நாவல் தேடுகிறவர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் யோசனை எல்லாம் தள்ளுபடி, கூப்பன், கேஷ்பேக் பற்றித்தான். சிக்கல் அங்கே இல்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. சின்ன பேப்பர்பேக்கின் விலையும் பெரிய சுமை இல்லை. சுமை, அது வீடு வந்து சேரும் வழியில் இருக்கிறது. அந்த வழியைச் சரிசெய்யும் சாவி அரசிடம், குறிப்பாக அஞ்சல் துறையிடம் இருக்கிறது. காதல் நாவல் படிப்பவர்கள் தனிச் சலுகை எதுவும் கேட்க வேண்டியதில்லை. மற்ற புத்தகங்களுக்குத் தரும் அதே மரியாதையைத் தங்கள் புத்தகத்துக்கும் கேட்டாலே போதும்.

சின்னப் புத்தகத்துக்குத்தான் பெரிய செலவு

டெலிவரி கட்டணம் எல்லாப் புத்தகத்தையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. 800 ரூபாய் வரலாற்று நூல் வாங்குகிறவருக்கு 70 ரூபாய் என்பது பத்து சதவீதத்துக்கும் குறைவு. 100 ரூபாய் நாவல் வாங்குகிறவருக்கு அது 70 சதவீதம்.

காதல் நாவல் படிப்பவர்களின் பழக்கமும் வேறு. வருஷத்துக்கு இரண்டு தடித்த புத்தகம் வாங்கி அலமாரியில் அடுக்குகிறவர்கள் இல்லை இவர்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது வேண்டும். ஓர் எழுத்தாளர் பிடித்துவிட்டால் அவருடைய பழைய கதைகளை எல்லாம் தேடிப் பிடிப்பார்கள். அதிகம் வாங்குகிறவர்களும் இவர்கள்தான், ஒவ்வொரு முறையும் வழிச்செலவு கொடுக்கிறவர்களும் இவர்கள்தான்.

"இவ்வளவு ரூபாய்க்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று ஆன்லைன் கடைகள் சொல்வதுண்டு. அந்த எல்லையைத் தொட நாலைந்து நாவல் சேர்க்க வேண்டும். சம்பளம் வந்த வாரத்தில் அது முடியும். மாதக் கடைசியில்?

மலிவு நாவல் எப்படி மலிவாக இருந்தது?

தமிழில் மலிவு விலை நாவலுக்கு நீண்ட கதை இருக்கிறது. 1960-களின் இறுதியில் வந்த ராணிமுத்து, அதன் பிறகு மாலைமதி, பாக்கெட் நாவல், கிரைம் நாவல் என்று மாத நாவல்கள் ஒரு காலத்தில் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கின. பெண்கள் பத்திரிகைகளிலும் வாரப் பத்திரிகைகளிலும் தொடராக வந்த ரமணிசந்திரனின் கதைகள், பிறகு அருணோதயம் பதிப்பாகப் புத்தகக் கடைக்கு வந்தன. தமிழில் மிக அதிகம் படிக்கப்பட்ட எழுத்தாளர்களின் பட்டியலை யார் போட்டாலும் அவர் பெயரை விட முடியாது. 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தபோது, அதிலும் அவருக்கு இடம் இருந்தது.

அந்த மாத நாவல்கள் ஏன் அவ்வளவு மலிவாக இருந்தன? மட்டமான தாள், சின்ன அளவு என்பதெல்லாம் பாதிக் காரணம். மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. அவை பத்திரிகைகளோடு சேர்ந்து பயணம் செய்தன. வார இதழ் கட்டு இறங்கும் கடையிலேயே நாவல் கட்டும் இறங்கியது. ஒரு வாசகருக்கு ஒரு பார்சல் என்ற பேச்சே கிடையாது. வழிச்செலவு ஆயிரக்கணக்கான பிரதிகளுக்குப் பங்குபோனது. அதனால், கடைசியில் வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

வாங்க முடியாதவர்களுக்கு வாடகை நூலகம் இருந்தது. சென்னையில் 1955-ல் தொடங்கிய ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி அதற்குப் பெயர் பெற்ற உதாரணம். விலையில் சின்னப் பங்கைக் கொடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம். ஒரு பிரதி பல வீடுகளைப் பார்த்துவிடும்.

பழைய புத்தகத்துக்கு மூர் மார்க்கெட் இருந்தது. திருத்தணியில் மின்சார ரயில் ஏறி, 80 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து சென்ட்ரல் பக்கம் இறங்குகிறவர்கள், பெயர்ப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கலாம். அந்தப் புறநகர் முனையத்தின் பெயரே மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்தான். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன அந்தச் சந்தை 1985 மே மாதம் தீயில் போனது. இன்று அந்த இடத்தில் ரயில் வந்து நிற்கிறது. ஒரு காலத்தில் பாதி விலைக்குப் புத்தகம் வாங்கிய மண்ணில் இறங்கிக்கொண்டே, இன்றைய வாசகர் மொபைலில் டெலிவரி கட்டணம் பார்க்கிறார்.

தெலுங்கிலும் இதே கதைதான்

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திரத்தில் இருந்து அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன்பு சித்தூர் மாவட்டம். இன்றும் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளுக்கு யத்தனபூடி சுலோசனாராணி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவருடைய 'செக்ரட்டரி' போன்ற கதைகள் நாவலாகவும் சினிமாவாகவும் ஓடியவை. தெலுங்கு அவ்வளவாகப் படிக்க வராத அடுத்த தலைமுறை, யத்தனபூடியையும் எண்டமூரியையும் கௌரி கிருபானந்தனின் தமிழ் மொழிபெயர்ப்பில் தேடுகிறது.

எல்லையோர ஊர் என்பதால் இரண்டு மொழிக் காதல் கதையும் இங்கே செல்லும். ஆனால், ஒரு மொழிப் புத்தகம் சென்னையில் இருந்து வர வேண்டும், இன்னொன்று விஜயவாடாவில் இருந்தோ ஹைதராபாத்தில் இருந்தோ வர வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்சல்தான்.

தபாலில் என்ன நடந்தது?

ரொம்ப காலமாகப் பதிப்பகங்களும் சின்னப் புத்தக விற்பனையாளர்களும் நம்பியிருந்தது, புத்தகங்களுக்கென்றே இருந்த சலுகைக் கட்டணப் பதிவுத் தபால். 2024 டிசம்பரில் அஞ்சல் துறை அந்தச் சேவையை நிறுத்தியது. பதிப்பகங்கள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தன. மெதுவாகப் போனாலும் நாட்டின் எந்த மூலைக்கும் போகும், விலையும் கட்டுப்படியாகும் என்பதுதான் அதன் பலமாக இருந்தது.

பிறகு, 2025 மே 1-ம் தேதி 'ஞான் போஸ்ட்' என்ற புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழியாகப் போகும், எங்கே இருக்கிறது என்று ஆன்லைனில் பார்க்கலாம். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. 200 பக்கச் சின்ன பேப்பர்பேக் பொதுவாக 300 கிராமுக்குள் அடங்கிவிடும். அந்த 70 ரூபாய் இருந்த இடத்தில் 20-ஐப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 120. ஆப்பை மூடத் தோன்றாது.

இங்கதான் சிக்கல். கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த நூல்களுக்கான சேவை என்றுதான் அது அறிவிக்கப்பட்டது. வணிகத் தன்மை கொண்ட வெளியீடுகளுக்கு இடமில்லை என்றும் நிபந்தனை இருக்கிறது. பாடப்புத்தகம் கல்வி. கந்த சஷ்டிக் கவசம் சமயம். காதல் நாவல் இதில் எது?

திருத்தணி இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஊர். சூரபத்மனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்த இடம் இது என்பதும், வள்ளியைக் கைப்பிடித்த இடம் இது என்பதும் தலபுராணம். தினைப்புனத்தில் காவல் இருந்த பெண்ணைக் கண்டு, வேடம் மாற்றி வந்து, அவள் மனசில் இடம்பிடித்துக் கல்யாணம் செய்துகொண்ட கதை. தமிழ்நாட்டில் விடிய விடிய நாடகமாகப் பார்க்கப்பட்ட கதை. அந்த வள்ளி கல்யாணத்தைப் புத்தகமாகப் போட்டால் சமயம், பண்பாடு என்று இரண்டு தகுதியோடு 20 ரூபாயில் போகும். அதே முருகனையும் வள்ளியையும் தி.நகர் ஆபீசில் சந்திக்க வைத்து ஒருவர் நாவல் எழுதினால்? அது பண்பாடா, வணிகமா? தபால் கவுன்ட்டரில் இருப்பவர் முடிவு செய்ய வேண்டிய விஷயமா இது?

அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விதியில் தெளிவு இல்லாவிட்டால் ஊழியர் பாதுகாப்பான பக்கம்தான் நிற்பார். "வேண்டாம், ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள்" என்று சொல்வதில் அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. நஷ்டம் வாசகருக்குத்தான்.

உள்ளே என்ன கதை என்று கேட்காத தபால்

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்க அஞ்சல் துறையில் 'மீடியா மெயில்' என்று ஒரு சலுகைக் கட்டணம் உண்டு. குறைந்தது 8 பக்கம் இருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது என்பதுபோல அதற்கும் விதிகள் உண்டு. ஆனால் பைபிளா, கணக்குப் புத்தகமா, காதல் கதையா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. புத்தகம் என்றால் புத்தகம்.

எதிர்த் திசையில் போன நாடும் உண்டு. பிரான்ஸில் 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டருக்குக் குறைந்தது 3 யூரோ டெலிவரி கட்டணம் வாங்கியே ஆக வேண்டும். பெரிய ஆன்லைன் நிறுவனங்கள் இலவச டெலிவரி கொடுத்தே தெருமுனைப் புத்தகக் கடைகளைச் சாகடித்துவிடக் கூடாது என்பது காரணம். நியாயமான வாதம்தான். பக்கத்துத் தெருவில் அந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் கடை இருந்தால். தேடும் நாவல் ஊரிலேயே கிடைக்காத வாசகருக்குத் தபால்தான் தெருமுனைக் கடை. அதோடு, குறைந்த தபால் கட்டணத்தால் அதிகம் பயன்பெறுவது சொந்த டெலிவரி ஆட்கள் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் இல்லை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து, தானே பேக் செய்து அனுப்பும் சின்ன விற்பனையாளர்தான்.

"போன்லயே படிக்கலாமே?"

படிக்கலாம். லட்சணமாகப் படிக்கலாம். 2014-ல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களிலும், 2016 டிசம்பரில் தமிழுக்கு வந்த கிண்டிலிலும்தான் இன்றைய தமிழ்க் காதல் கதை அதிகம் வளர்கிறது. யார் என்ன படிக்கிறோம் என்று பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது என்பதும் ஒரு வசதி.

ஆனால், காகிதம் செய்யும் ஒரு வேலையைப் போன் செய்வதில்லை. அது கை மாறும். 120 ரூபாய்க்கு வந்த நாவலை அக்கா, அம்மா, அலுவலகத் தோழி, எதிர்வீட்டு அத்தை என்று ஐந்து பேர் படித்தால் ஒருவருக்கு 24 ரூபாய். பிறகு பழைய விலைக்கு விற்கவும் செய்யலாம். ஆப்பில் வாங்கிய கதையை எதிர்வீட்டு அத்தைக்குக் கொடுக்க வேண்டுமென்றால் போனையே கொடுக்க வேண்டும். வரியிலும் வித்தியாசம் உண்டு. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சிலும் வந்த நூலின் மின்பதிப்புக்கு 5 சதவீதம். அச்சுக்கே வராத மின்நூலுக்கு அந்த 5 சதவீதச் சலுகையும் கிடையாது.

காகிதத்தில் வாங்க முடியாதபோது இன்னொன்றும் நடக்கிறது. பிடிஎஃப் கைமாறுகிறது. "எல்லாரும்தானே படிக்கிறாங்க" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றும் அந்தக் கோப்பில், எழுதியவருக்கு ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. பிடிஎஃப் பகிர்வது தப்புதான். 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி திருட்டுப் பிரதி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால், நேர்வழியில் வாங்க 170 ரூபாய், குறுக்கு வழியில் இலவசம் என்று வைத்துவிட்டு, வாசகருக்கு மட்டும் அறிவுரை சொன்னால் எடுபடாது. நேர்வழியை மலிவாக்குவதுதான் திருட்டை எதிர்க்கும் நல்ல வழி.

"கேவலம், காதல் கதைக்குச் சலுகையா?"

இந்தக் கேள்வியும் வரும். கொஞ்சம் நேர்மையாக யோசிக்கலாம். சமய நூலுக்குச் சலுகை கொடுக்கும்போது அது நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. போட்டித் தேர்வு கைடு இலக்கியமா என்று யாரும் கேட்பதில்லை. தரம் பற்றிய கேள்வி, பெண்கள் அதிகம் படிக்கும் கதைக்கு மட்டும் எழுகிறது.

நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, தனக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கிப் புத்தகம் எடுக்கிற பழக்கம் தமிழ் வீடுகளில் இந்தக் கதைகள் வழியாகத்தான் பரவலாக நுழைந்தது. மாதாமாதம் நாவல் வாங்கி அச்சகங்களை ஓட வைத்தவர்கள் அவர்கள். இது பண்பாடு இல்லை என்றால் வேறு எது பண்பாடு?

அஞ்சல் துறை செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. கதை, நாவல், கவிதை உள்ளிட்ட எல்லா அச்சு நூல்களுக்கும் ஞான் போஸ்ட் பொருந்தும் என்று ஒரு வரியில் தெளிவாகச் சொல்லி, கவுன்ட்டர்களில் ஒட்ட வேண்டும். தனியாக நிதி ஒதுக்கிப் புதுத் திட்டம் போடத் தேவையில்லை. இருக்கும் திட்டத்தின் கதவை முழுசாகத் திறந்தால் போதும்.

அதுவரை என்ன செய்யலாம்?

பழைய மாத நாவலின் ரகசியத்தையே திரும்பப் பயன்படுத்தலாம். வழிச்செலவைப் பங்கு போடுவது. ஒரே அலுவலகத்தில், ஒரே ரயில் பெட்டியில், ஒரே தெருவில் நாலு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போட்டால் ஆளுக்கு ஆகும் டெலிவரி செலவு கால்வாசி. இந்தியில் ஹிந்த் பாக்கெட் புக்ஸ் ஒரு காலத்தில் 'வீட்டு நூலகத் திட்டம்' என்று மாதாமாதம் புத்தகங்களைக் கட்டாகத் தபாலில் அனுப்பியதும் இதே கணக்கில்தான்.

ஆன்லைன் கடையில் பார்த்த புத்தகத்தை, பதிப்பகத்திடம் நேரடியாகவும் ஒரு முறை விசாரிக்கலாம். எந்தத் தபாலில் அனுப்புவார்கள், எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். தேடும்போது எழுத்தாளர் பெயரைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் சேர்த்தும் பிரித்தும் இரண்டு முறை தட்டிப் பார்ப்பது நல்லது. ஒரே புத்தகம் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில், வெவ்வேறு விலையில் கிடக்கும்.

பழைய புத்தகம் வாங்கினால் பின்னட்டை, பதிப்பு விவரம் உள்ள பக்கம் இரண்டையும் படம் கேட்க வேண்டும். இரண்டு மூன்று கதைகள் ஒரே புத்தகமாக வந்த பதிப்புகளும் உண்டு என்பதால், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கதைக்கே மறுபடி காசு கொடுக்காமல் தப்பிக்கலாம். அட்டை மங்கலாக, பதிப்பு விவரமே இல்லாமல், நம்ப முடியாத விலையில் புதுப் புத்தகம் கிடைத்தால் அது திருட்டு அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மாவட்டப் புத்தகக் காட்சி, ஜனவரி மாதச் சென்னைப் புத்தகக் காட்சி இரண்டுக்கும் பட்டியலோடு போவது இன்னொரு வழி. சென்னைக் காட்சியில் வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. அதைவிடப் பெரிய லாபம், டெலிவரி கட்டணம் பூஜ்யம்.

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடும் ஒரு இடம், பொது நூலகம். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கப்படுகிறது, 10 சதவீதம். திருத்தணி நகராட்சிக்குச் சொத்து வரி கட்டும் ஒவ்வொரு வீடும் ஏற்கெனவே புத்தகத்துக்குக் காசு கொடுத்துவிட்டது. காதல் நாவல் படிக்கும் வீடும்தான். "இந்த எழுத்தாளரின் நாவல்கள் வேண்டும்" என்று நூலகரிடம் எழுதிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி லட்சக்கணக்கில் மக்கள் ஏறும் மலை இது. அங்கே கொண்டாடப்படும் கல்யாணம் ஒரு காதல் கல்யாணம். அந்த மலையடிவாரத்தில் இருக்கும் வாசகி ஒரு காதல் கதையை 120 ரூபாய்க்கு வீட்டுக்கு வரவழைக்க நினைத்தால், தபால் கவுன்ட்டரில் ஒரே கேள்விதான் எழ வேண்டும். எத்தனை கிராம்?